லெசித்தின் மாத்திரை: வயிற்றுக்கு நல்லது என்று வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

லெசித்தினைச் செரிமான நொதி என்று நினைத்தே பலர் வாங்குகிறார்கள். அது நொதி இல்லை, ஒருவகைக் கொழுப்பு. கொழுப்பை உடைப்பது கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ். லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். மயோனைஸில் எண்ணெய் பிரியாமல் இருப்பது முட்டை மஞ்சளில் உள்ள லெசித்தினால்தான். சிறுகுடலிலும் ஏறக்குறைய இதே வேலை: பித்த உப்புகளோடு சேர்ந்து கொழுப்பைச் சிறு துளிகளாக வைத்திருக்கும்.

சரி, அப்படியானால் மாத்திரையாகப் போட்டால் செரிமானம் கூடுமா? கணக்கு இடிக்கிறது. பித்தநீர் வழியாகக் கல்லீரலே நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் லெசித்தினைக் குடலுக்கு அனுப்புகிறது. கடையில் கிடைக்கும் கேப்சூல் பெரும்பாலும் 1,200 மில்லிகிராம்தான். அதுவும் முழுக்கச் சுத்தமான பாஸ்பாடிடைல்கோலின் (லெசித்தினின் முக்கியக் கூறு) இல்லை. சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுக்கும் பசையிலிருந்து வருவது, எண்ணெயும் கலந்திருக்கும். (அதனால், ரீஃபைண்ட் சோயா எண்ணெயில் லெசித்தின் நிறைய இருக்கும் என்று நம்பி வாங்குவதிலும் அர்த்தமில்லை.) மலம் வெளுத்தோ எண்ணெய் மிதக்கவோ போனால் பித்தநாளத்திலோ கணையத்திலோ கோளாறு இருக்கலாம். கேப்சூல் போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தக் கூடாது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு பித்தப்பைக் கல்லுக்கு இதை மருந்தாக்குவது. பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிகமாகாமல் லெசித்தின் கரைத்து வைத்திருப்பது நிஜம். பித்த உப்புகள் நாளத்தின் சுவரை அரிக்காமலும் அது காக்கிறது. அதைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதத்தை உருவாக்கும் ஏபிசிபி4 மரபணுவில் பழுது உள்ள சிலருக்கு 40 வயதுக்கு முன்பே கல் வந்துவிடும். ஆனால் வாயில் போட்ட லெசித்தின் அப்படியே பித்தப்பைக்குப் போய்ச் சேராது. குடலிலேயே கணைய நொதி அதை உடைத்துவிடும். ஏற்கெனவே உருவான கல்லை அது கரைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. கல் கரைய டாக்டர்கள் கொடுப்பது உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். அதுவும் சுண்ணாம்பு படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்குத்தான், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லெசித்தினால் உடம்புக்குக் கிடைக்கும் உருப்படியான லாபம் கோலின் என்ற சத்து. கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் வெளியேற அது தேவை. நாளொன்றுக்கு ஆண்களுக்கு 550, பெண்களுக்கு 425 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்காவில் 1998இல் வகுத்த அளவு. ஒரு பெரிய முட்டையில் சுமார் 150 மில்லிகிராம் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள் கருவில். ஜிம்முக்குப் போகிறவர்கள் அந்த மஞ்சள் கருவை எறிந்துவிட்டு லெசித்தின் கேப்சூல் வாங்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. ஒரு கேப்சூலில் கிடைக்கும் கோலின் அரை முட்டைக்குக்கூட ஈடாகாது. சைவர்களுக்குச் சோயா, ராஜ்மா, காலிஃபிளவர், பால், நிலக்கடலை இருக்கின்றன.

ஞாபகசக்திக்கு என்று பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதும் வீண் செலவு. மறதி நோய்க்கு லெசித்தின் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் தெளிவான பலன் தெரியவில்லை.

அப்புறம், இயற்கைப் பொருள்தானே என்று கரண்டி கரண்டியாகப் போடுவது. அளவு கூடினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். கோலின் மிக அதிகமானால் உடம்பில் மீன் வாடை அடிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மிஞ்சிய கோலினைக் குடல் பாக்டீரியாக்களும் கல்லீரலும் சேர்ந்து டிஎம்ஏஓ என்ற பொருளாக மாற்றுகின்றன. ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவே காரணமா என்பதில் இன்னும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் சாக்லேட், பிஸ்கட் உறைகளில் எமல்சிஃபையர் 322 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது லெசித்தின்தான். சோயாவிலிருந்து வந்ததா, சூரியகாந்தியிலிருந்து வந்ததா என்பதை ஒவ்வாமை அறிவிப்பு வரியில் தேடுங்கள்.