மங்கல் படம் எதையும் மறைக்காது: அரூப ஒளிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் ஆறேழு பேர் கமராவோடு நின்றார்கள். படம் எடுக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். எல்லோரும் எடுக்கும் அஸ்தமனத்தை விட்டுவிட்டு, கமராவை மேலும் கீழும் ஆட்டியும், கண்ணாடித் துண்டை லென்ஸுக்கு முன்னால் பிடித்தும் ஏதோ புதிதாக, பொருளைவிட நிறமும் கோடுமே பேசும் அரூபப் படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பற்றரி சார்ஜ் பண்ணாமல் வருவது, மெமரி கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்தும். பட்டும் திருந்தாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

திசை இல்லாத அசைவு

கமராவை வேண்டுமென்றே அசைத்து எடுப்பது பழைய முறை. 1950-களிலேயே ஒளிப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஹாஸ் ஸ்பெயினின் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில், அதாவது வெளிச்சம் உள்ளே வரும் கதவைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து, கலரில் எடுத்திருக்கிறார். மாடும் மனிதனும் நிறமாகக் கரைந்திருப்பார்கள், ஆனாலும் அந்தச் சுழற்சி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

பண்ணையில் நின்றவர்கள் கையை மட்டும் ஆட்டினார்கள். பனந்தோப்பில் கோடுகள் எல்லாம் நெட்டுக்கு நிற்கின்றன. கமராவும் மேலிருந்து கீழாகப் போனால்தான் மரங்கள் நின்ற நிலையிலேயே இழுபடும். குறுக்கே இழுத்தால் சாம்பல் நிறச் சேறுதான் மிஞ்சும். கடனீரேரியை எடுக்கும்போது தொடுவானத்தோடு சேர்ந்து கிடையாக இழுக்க வேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகு அசைக்கத் தொடங்கவும் கூடாது. கை முதலில் ஓட வேண்டும், ஓட்டத்தின் நடுவில் அழுத்த வேண்டும், ஷட்டர் மூடிய பிறகும் கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துடுப்பாட்டக்காரர் பந்து பட்டவுடன் துடுப்பை நிறுத்துவதில்லையே, அதுபோலத்தான். கால் வினாடியில் தொடங்கிப் பாருங்கள். அப்புறம் உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறது என்று தெரியும்.

வெயிலில் எஃப் 22

"அண்ணை, வெயிலுக்கை ஷட்டர் மெதுவா வரேல்லை. எஃப் 22க்குக் கொண்டுபோனன், சரி வந்திட்டுது" என்றான் ஒருவன். அந்த "சரி வந்திட்டுது" கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்குப்படி அவன் சொன்னது சரி. எஃப் எண் கூடக் கூட லென்ஸில் வெளிச்சம் வரும் துளை, அதாவது அப்பர்ச்சர், சிறுக்கும். ஐஎஸ்ஓ எண் குறையக் குறைய கமரா வெளிச்சத்தை உணர்வதும் குறையும். இரண்டிலும் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 வினாடி. எஃப் 22 என்றால் 1/50. ஐஎஸ்ஓவை 50 ஆக்கினால் 1/25. வெயில் சாயச் சாய இன்னும் மெதுவாகும். அசைத்தால் படம் இழுபடும், கமராத் திரையில் அழகாகவும் இருக்கும். எஃப் 22இல் ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை குறையும் என்று யாராவது எச்சரித்தால், "எப்படியும் மங்கல் படம்தானே" என்று பதில் வரும். அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது. காலை வாரிவிடுவது தூசி.

கமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கிறது. தூசி வந்து உட்காருவது அதன் மேல்தான். அப்பர்ச்சர் அகலத் திறந்திருந்தால் வெளிச்சம் பல கோணங்களில் வந்து விழும், தூசியின் நிழல் கரைந்துபோகும். எஃப் 4இல் எடுத்த படத்தில் அதைக் காணவே மாட்டீர்கள். எஃப் 22இல் வெளிச்சம் சின்னத் துளையால் வருவதால் நிழல் கறுப்புப் பொட்டாகப் பதியும். வெறும் வெயிலில் நம் நிழல் வெட்டினாற்போல் விழுகிறது, மப்பு நாளில் நிழலே இல்லாமல் போகிறது. அதே கதைதான் கமராவுக்குள்ளும் நடக்கிறது.

அசைத்து எடுக்கும் படத்தில் இது இன்னும் மோசம். கமரா அசையும்போது பனை இழுபடுகிறது, வானம் இழுபடுகிறது, தண்ணீர் இழுபடுகிறது. தூசியோ சென்சரோடு ஒட்டிக்கொண்டு கூடவே அசைகிறது. அதனால் அது இழுபடாது. எல்லாம் கரைந்துபோன ஒரு படத்தில் கூர்மையாக மிஞ்சுவது அந்தத் தூசி ஒன்றுதான். பார்ப்பவரின் கண் நேரே அங்கே போய் நிற்கும்.

எனக்கு இதைச் சொல்லித்தர அன்றைக்கு யாரும் இருக்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து வைத்த சிறிய கண்காட்சிக்காக, மண்டைதீவுப் பக்கத்துப் பனைகளை ஒரு ஆடி மாதம் முழுக்க எடுத்தேன். சோளகக் காற்றுக் காலம், புழுதியும் உப்பும் சேர்ந்து வரும். அந்தக் காற்றில் நின்றே நாளுக்கு இரண்டு மூன்று தடவை லென்ஸ் மாற்றினேன். எல்லாப் படமும் எஃப் 22. பன்னிரண்டைத் தெரிந்து 20க்கு 30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். என் அப்போதைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடச் செலவு. கணினியில் படங்களைத் திரையளவுக்குச் சுருக்கித்தான் பார்த்தேன், ஒன்றைக்கூட முழு அளவுக்குப் பெருப்பித்துப் பார்க்கவில்லை.

மாட்டிய அன்று காலை ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு படத்தடியிலும் நேரம் எடுத்து நின்றார். ஆறாவது படத்தடியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இடப்பக்க மேல் மூலையில ஒரு பொட்டு வைச்சிருக்கிறீர். எல்லாப் படத்திலயும் அதே இடத்தில வருது. என்ன கருத்தில வைச்சனீர்?" என்று கேட்டார். குறை சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. நான் யோசித்து வைத்த பொட்டு என்று நம்பித்தான் கேட்டார். என்னால் அவருக்கு ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. அன்றிரவு பன்னிரண்டையும் கழற்றி நிலத்தில் பரப்பி எண்ணினேன். ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல் இருந்தன.

"மென்பொருளில் அழித்துவிடலாமே" என்பார்கள். வெறும் நீல வானத்தில் அழிக்கலாம். இழுபட்ட கோடுகளின் மேல் அழிப்பது வேறு வேலை. பொட்டு இருந்த இடத்தில் பக்கத்துத் துண்டை ஒட்டினால் கோடு அந்த இடத்தில் அறுந்துபோகும். பொட்டு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு திருத்தத்தை எல்லாவற்றுக்கும் நகலெடுக்கலாம் என்றும் நினைத்தேன். படத்துக்குப் படம் கோடுகள் வேறு, ஆகவே ஒட்டுகள் பல்லிளித்தன. மூன்று கிழமை இரவிரவாக இருந்து நான்கு படங்களைத்தான் மீட்க முடிந்தது. மற்ற எட்டும் போயே போய்விட்டன. அதே பனைகளில் சில இப்போது அந்த இடத்தில் இல்லை.

என்ன செய்யலாம்? முதலாவது, எஃப் 8இல் நில்லுங்கள், வெளிச்சத்தை வேறு வழியில் குறையுங்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், ஆகவே 6 ஸ்டொப் ஃபில்டர் ஒன்று வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும். வெயிலில் எஃப் 8க்கு 1/400 வரும் இடத்தில் 1/6 வினாடி கிடைக்கும், பனைக்கு அது போதும். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகை ஃபில்டரை அகலக் கோண லென்ஸில் கடைசிவரை திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போல இருட்டு விழும், அதையும் கவனியுங்கள். ஃபில்டர் வாங்கக் காசு இல்லையென்றால் காசு சேரும்வரை பொழுதுபட்ட பிறகு எடுங்கள். சூரியன் கடலுக்குள் போன பிறகு வரும் அரை மணி நேரம் ஃபில்டர் இல்லாமலே கால் வினாடி தரும், நிறமும் வெயிலில் கிடைப்பதை விட நல்லது.

இரண்டாவது, புறப்பட முன் தூசியைச் சோதியுங்கள். எஃப் 22, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸைக் கையால் குழப்பிவிட்டு, ஒரு வெள்ளைச் சுவரை ஒரு வினாடி நீளத்துக்குக் கமராவை ஆட்டியபடி எடுங்கள். சுவரின் அழுக்கெல்லாம் கரைந்துபோகும், மிஞ்சும் பொட்டு எல்லாம் சென்சரில் இருப்பவை. படத்தில் மேல் மூலையில் தெரியும் பொட்டு, கமராவை முன்னாலிருந்து பார்த்தால் அதே பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கும். கமராவின் வாயைக் கீழே பிடித்து இரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். காற்றடைத்த டின் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் திரவம் தெறித்துக் கறையாகும். ஊதியும் போகாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எஃப் 22இல் எடுத்த மங்கல் படத்தை யாராவது பெருமையாக நீட்டினால் இன்றைக்கும் எனக்கு முகம் மாறிவிடுகிறது. அவர்கள் மேல் கோபம் இல்லை. அந்த எட்டுப் பனைகள்தான் ஞாபகம் வருகின்றன.

கடற்கரையில் லென்ஸைக் கழற்றிச் சாய்த்து எடுப்பது

கசூரினாக் கடற்கரையில் வேண்டாம், தூசி நேரே உள்ளே போகும். வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு.

இரட்டைப் பதிவில் வெள்ளை வானம்

ஒரே பிரேமில் இரண்டு படங்களைப் பதிக்கும்போது எல்லோரும் நினைப்பது, வெறுமையாக இருக்கும் வானத்தில் இரண்டாவது படம் வந்து உட்காரும் என்று. நடப்பது தலைகீழ். வானம் ஏற்கெனவே வெளிச்சத்தால் நிரம்பிவிட்டது, அங்கே இனி ஒன்றும் ஏறாது. இரண்டாவது படம் இருட்டில்தான் முளைக்கும். ஆகவே முதலில் வெளிச்ச வானத்துக்கு எதிரே ஒரு கறுப்பு உருவம் வேண்டும். பனையின் நிழலுருவோ, தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கரையில் பட்டம் விடுபவரின் நிழலுருவோ நன்றாக வரும். அதற்குள் இரண்டாவதாக அலையையோ இலையையோ நிரப்பலாம். கமரா தானாகச் சராசரி எடுக்காத முறையில் இருந்தால், இரண்டு படம் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டொப் குறைத்தும், நாலு படம் என்றால் இரண்டு ஸ்டொப் குறைத்தும் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு என்று சொல்பவர்களுக்காக ஒன்று. கொழும்பில் ஒளிப்படக்காரர் லயனல் வென்ட் 1944இல் இறக்கும்போதே, இருட்டறையில் படத்தின் மேல் படம் இணைப்பதையும், வெளிச்சம் காட்டிக் கறுப்பு வெள்ளையைப் புரட்டுவதையும் செய்து முடித்திருந்தார்.

கிணற்றுத் தண்ணீரும் நீலப் படமும்

சயனோடைப் செய்ய யாழ்ப்பாணத்தைப் போல இடம் கிடைக்காது. வெயில் தாராளம், கமராவே தேவையில்லை. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து இருட்டில் கடதாசியில் பூசி, மேலே முருங்கைக் கொப்பு ஒன்றை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் நீலத்தில் வெள்ளை இலைகள். ஜோன் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிக்கத் தொடங்கிவிட்டார்.

பிழை விடுவது கழுவும்போது. நம்முடைய நிலம் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சயனோடைப்பின் நீலத்துக்குக் காரத் தன்மை ஆகாது. நேரே கிணற்றடியில் வைத்து அலசிக்கொண்டே இருந்தால், கண்முன்னாலேயே நீலம் வெளிறும், வெள்ளையில் மஞ்சள் ஏறும். வெயில் பத்தவில்லை என்று நினைத்து அடுத்ததை இன்னும் நேரம் காய வைப்பார்கள், அதுவும் வெளிறும். முதல் கழுவலுக்கு ஒரு தட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விடுங்கள். வாடைக்காற்று மழையில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து மூடிவைத்தால் அதைவிட நல்லது.

கமராத் திரையைப் பார்த்து அழிப்பது

அங்கேயே அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

துளைகள் உள்ள சுவர்

அரூபம் பழகுபவர்கள் எல்லோரும் ஒருநாள் சுவருக்கு வருவார்கள். 1940-களில் ஆரன் சிஸ்கின்ட் உரிந்த பெயின்ற்றையும் கிழிந்த போஸ்டரையும் கிட்ட நின்று எடுத்து, அவற்றைச் சித்திரம்போல் ஆக்கினார். அதைப் பார்த்துப் பழகிவிட்டு இங்கே கமராவைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது போரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட சுவர்கள். உப்புக் காற்றில் உதிர்ந்த காரை, பாசி, துளைகள். கோணமும் வெளிச்சமும் சரியாக இருந்தால் நட்சத்திரக் கூட்டம்போல் இருக்கும்.

நானும் எடுத்தேன். வலிகாமம் வடக்கில் கூரையில்லாத ஒரு வீட்டின் சுவரை ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு அம்மா கடகத்தோடு வந்து வளவுக்குள் விறகு பொறுக்கத் தொடங்கினார். யாருடைய வீடு என்று கேட்டேன். தன்னுடையது என்றார். நான் எடுத்த சுவரைக் காட்டி, "அது சாமியறை" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் சுவர்களை எடுக்கிறேன். கிட்ட நின்றுதான், வீடு தெரியாத அளவுக்குத்தான். ஆனால் எடுக்க முன் வளவுக்காரரைத் தேடிக் கேட்கிறேன், வேண்டாம் என்றால் கமராவை மூடிவிடுகிறேன். முந்தி அந்தப் படங்களுக்கு "கோலம் 7", "கோலம் 8" என்று பெயர் வைத்திருந்தேன். அவற்றை மாற்றிவிட்டேன். ஊரின் பெயர், வருடம், எந்த அறை என்று தெரிந்தால் அதுவும் கீழே எழுதியிருக்கிறது.