ஓடையை அளக்கப் பங்குனியில் போங்கள்

கூடலூர்ப் பக்கத்து ஓடைகளில் சிறு நீர்மின் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் மலையேறுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டும், ஓடை நுரைத்து ஓடும். முதல் வருடம் நானும் அப்படித்தான் போனேன். அளந்த கையோடு ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, எல்லா வீட்டிலும் விளக்கெரியும் என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் திரும்பிப் போனால் அதே ஓடையில் கணுக்கால் நனையவில்லை. "அப்போ கரண்டு வராதா, தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனதில் கிடக்கிறது.

அதனால் பங்குனி வெயிலில் அளந்துபாருங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் இறங்காதீர்கள், யானை நடமாட்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

டேப், கயிறு, கைபேசி, நாலு ஆரஞ்சுப் பழம் போதும். பழம் தோல் உரிக்காததாக இருக்கட்டும். பெரும்பகுதி மூழ்கியபடி மிதக்கும், காற்று அதை இழுத்துப்போகாது. ஓடை நேராக ஓடும் 5 மீட்டரைத் தேர்ந்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டுங்கள். மேல்கயிற்றுக்குச் சற்று முன்னாலேயே பழத்தை விட்டு, ஒரு கயிற்றிலிருந்து மறுகயிறு வரை நேரம் எடுங்கள். பத்து முறையாவது செய்யுங்கள். கல்லில் முட்டிய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அகலம் 60 சென்டிமீட்டர், ஐந்து இடத்தில் பார்த்த ஆழத்தின் சராசரி 10 சென்டிமீட்டர், பழம் கடக்க 25 விநாடி என்று வையுங்கள். அகலம், ஆழம், பழத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 12 லிட்டர் வரும். ஆனால் மேல்நீர்தான் வேகமாக ஓடும், அடிநீர் கற்களில் உரசித் தயங்கும். ஆழமில்லாத கல்லோடைக்கு 0.65 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 8 லிட்டர்.

அப்புறம் உயரம், அதாவது நீர் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையமும் மலைச்சரிவை நம்பித்தான் நிற்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்பை வாங்கிப் போங்கள். தண்ணீர் நிரப்பியதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழி உள்ளே நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். சரிவில் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் கூட்டுங்கள்.

லிட்டரை மீட்டரால் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்கினால் கிடைக்கக்கூடிய வாட் தோராயமாக வரும். 8 லிட்டர், 25 மீட்டர் என்றால் 1,000 வாட். ஆனால் எல்லா நீரையும் குழாயில் ஏற்றிவிடாதீர்கள். தவளையும் மீனும் அந்த ஓடையில்தான் பிழைக்கின்றன. நான் பாதியை ஓடைக்கே விடுவேன். ஆக 500 வாட். ஊரில் அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

கிளம்புமுன் கோடு போட்ட குச்சி ஒன்றை ஓடையில் ஊன்றி, ஞாயிறுதோறும் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிவைக்க ஊரில் ஒருவரிடம் நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வேலைக்கு உங்கள் ஆய்வு நிதியிலிருந்து கூலியும் கொடுங்கள்.