ஃபேன்டஸி கேமில் குறையுள்ள பெண்ணையும் ஆணையும் எழுதுவது எப்படி

பாத்திரக் குறிப்பில் "குறை: முன்கோபம்" என்று எழுதியதும் வேலை முடிந்ததாகப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். கேம் ஓடும்போது பார்த்தால், அந்த முன்கோபி இரண்டு வசனத்தைச் சத்தமாகப் பேசுகிறான், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆவதில்லை. யாருக்கும் செலவு வைக்காத குறை வெறும் அடைமொழி.

அதனால் குறையை எழுதும்போதே செலவையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே வாக்கியம்: இவருக்கு இது வேண்டும், அதற்காக இப்படிச் செய்வார், அதன் விலையை இன்னார் கொடுப்பார். மூன்றில் ஒன்று காலியாக இருந்தால் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

முற்றுகையில் மாட்டிய ஒரு கோட்டையை எடுத்துக்கொள்வோம். தானியக் கிடங்கு நாச்சியின் பொறுப்பு. கோட்டை கலங்காமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேண்டியது. அதற்காகக் கெட்ட செய்தியை மறைப்பார். விலையை மதில்மேல் பசியோடு நிற்பவர்கள் கொடுப்பார்கள். கோட்டையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவதற்கும் நாச்சிதான் காரணம் என்பதைக் கவனியுங்கள். பலமும் குறையும் ஒரே வேரில் முளைத்தவை. குறையை மட்டும் பிய்த்து எடுத்தும் பாத்திரம் அப்படியே நிற்கிறது என்றால், அது மேலே ஒட்டிய குறை.

இனி இதை வசனத்தில் வைக்காமல் ஆட்டத்தில் வைக்க வேண்டும். திரை மூலையில் "தானியம்: 15 நாள்" என்று தெரிகிறது. அது கேமின் கணக்கல்ல, நாச்சி சொன்ன கணக்கு. கிடங்குக்குள் நுழைந்து எண்ணினால் 36 மூட்டை. ஒரு நாள் செலவு 3 மூட்டை. ஆக, 12 நாள்தான். எண்ணாமல் உதவிப்படை தேடிப் போனவர் 14ஆம் நாள் திரும்பி வந்து காலிக் கிடங்கைப் பார்ப்பார்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. முன்குறிப்பு இல்லாவிட்டால் ஆடுபவர் இதை பக் (நிரல் பிழை) என்றே நினைப்பார். ஏமாந்தது நாச்சியிடம் என்று தோன்ற வேண்டும், கேமிடம் என்று தோன்றக் கூடாது. கிளம்புவதற்குள் குறைந்தது மூன்று தடயம் கண்ணில் பட வேண்டும். சமையல்கட்டில் அகப்பை சிறியதாக மாறியிருக்கிறது. கிடங்குச் சாவி நாச்சியின் இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. மூன்றாவது, பேச்சில்:

"கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது?"
"பதினைந்து நாளுக்குக் குறையாது."
"மூட்டையைக் கேட்டேன்."
"மேற்கு மதிலில் ஆள் போதவில்லை என்றார்களே, போய்ப் பார்த்தீர்களா?"

மூட்டையைக் கேட்டால் நாளில் பதில் வருகிறது. இதற்குக் கீழே "அவர் எதையோ மறைப்பதுபோல் தோன்றியது" என்று ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் கண்டுபிடிக்கும் சுகம் போய்விடும்.

குறை மூன்று முறையாவது தலைகாட்ட வேண்டும். முதல் அரை மணிக்குள் வருவது சின்னதாக, சிரிக்கும்படி இருக்கலாம். இரண்டாவது முறை யாருக்காவது அடிபட வேண்டும். மூன்றாவது முறை, விளைவு தெரிந்தே அந்த ஆள் அதையே செய்கிறார், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாமல் விடுகிறார். வைத்தியர் மருதனுக்கு யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. முதலில் ஒரு சிறுவனுக்கு மரவாள் செய்து தருவதாகச் சொல்லி மறக்கிறார். பிறகு மிச்சமிருக்கும் ஒரே மருந்துக் குப்பியை இரண்டு குடும்பங்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். குவெஸ்ட் பட்டியலில் இரண்டு பணிகள் ஒரே குப்பியைக் கேட்டு நிற்கும். அதைக் கவனிக்கிற ஆட்டக்காரருக்கு மருதனைப் பற்றி வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. கடைசியில் அவரிடம் மூன்றாவது ஆள் வந்து கையேந்துகிறார்.

கோபக்காரராகப் பெண்ணையும் கனிவானவராக ஆணையும் போட்டுவிட்டால் போதும் என்று தலைப்பைப் புரிந்துகொள்ள வேண்டாம். பழக்கத்தில் கை எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்குக் குறை என்றால் குடி, கோபம், செத்துப்போன மனைவி. பெண்ணுக்குக் குறை என்றால் தடுமாறி விழுவது, அதிகம் பேசுவது, அல்லது யாரோ அவருக்குச் செய்த கொடுமை. கடைசியாகச் சொன்னது குறையே அல்ல, காயம். குறை என்பது அவர் செய்வது, அவருக்கு நேர்ந்தது அல்ல. நாயகனுக்குச் சோகம் தருவதற்கென்றே ஒரு பெண்ணைக் கொல்லும் வழக்கத்தை, காமிக்ஸ் கதைகளை வைத்து 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் பட்டியல் போட்டுக் காட்டினார். கேம்கள் அந்தப் பட்டியலுக்கு இன்றும் ஆள் சேர்க்கின்றன.

பாலினத்தை மாற்றிப் படித்துப் பார்க்கும் சோதனை பிரபலம். அதற்கு எல்லை உண்டு. நாச்சியை ஆணாக்கியும் ஒரு வரிகூட மாறவில்லை என்றால், நாச்சி நன்றாக அமைந்திருக்கலாம், ஆனால் அவரைச் சுற்றிய உலகம் எழுதப்படவில்லை. அந்த வேறுபாட்டைப் புள்ளிகளில் வைப்பதும் தப்பு. மேசையில் ஆடும் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமின் 1978 விதிநூலில் மனித ஆண் போர்வீரனின் வலிமை 18/00 (00 என்றால் 100) வரை போகலாம், மனிதப் பெண்ணுக்கு 18/50தான் உச்சம். அதனால் எந்தப் பெண் பாத்திரமும் நம்பும்படி ஆகிவிடவில்லை, ஆடியவருக்குச் சில புள்ளிகள் குறைந்ததுதான் மிச்சம். வேறுபாட்டை மற்றவர்களின் நடத்தையில் வையுங்கள்: ஒரே கட்டளையை இருவரும் இட்டால், யாருக்கு உடனே கீழ்ப்படிகிறார்கள், யாரிடம் காரணம் கேட்கிறார்கள்?

தமிழில் எழுதுபவருக்கு இதற்கென்றே ஒரு கருவி கையில் இருக்கிறது. கிழக் காவலாளி தன் தலைவியை "நீ" என்கிறான், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞனை "நீங்கள்" என்கிறான். ஒரு சொல் விளக்கமும் வேண்டாம். நான்கு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அந்த "நீ" மாறும் இடம் ஒரு தனிக் காட்சிக்குச் சமம். இதே கருவி நம் கையையும் வெட்டும். வரலாற்றுக் குறிப்புகளில் அரசர் "ஆண்டார்" என்றும் அரசி "ஆண்டாள்" என்றும் வந்துவிடுகிறதா என்று மொத்த எழுத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். வில்லனோ காவலாளியோ அப்படிப் பேசினால் அது பாத்திரம், கதைசொல்லி பேசினால் அது எழுத்தாளரின் பழக்கம்.

ஆடுபவரே தன் பாத்திரத்தின் பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் கேமில் இன்னொரு சிக்கல்: "வந்தான்", "வந்தாள்" என்று ஒவ்வொரு வினைமுற்றும் இரண்டாகப் பிரியும். "வந்தார்", "வந்தவர்" என்று எழுதினால் ஒரே வரியில் முடியும். ஆனால் எதிரி வாயிலிருந்து மரியாதை வரக்கூடாத இடத்தில் சோம்பல் படாமல் இரண்டு வரிகளும் எழுதுங்கள்.

அறிமுகக் காட்சியின் முதல் இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். ஆண் எதையாவது செய்துகொண்டு வருவான், பெண் அழகாக வந்து நிற்பாள். நாச்சி சாவிக்கொத்தோடு மூட்டைமேல் உட்கார்ந்து கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கட்டும். ஓவியருக்குப் போகும் குறிப்பிலும் கூந்தலைவிட, இடுப்பில் சாவி உரசித் தேய்ந்த துணி முக்கியம்.

சண்டையில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் குட்டி வசனங்களில் குறையைத் திணிக்காதீர்கள். ஒரு வரியை ஆடுபவர் நூறு தடவை கேட்பார். பத்து வரி எழுதினால் இரண்டில் குணம் தெரிந்தால் போதும்.

தோழமைப் புள்ளிகள்தான் குறையை அதிகமாகக் கொல்கின்றன. பரிசு கொடு, புள்ளி ஏறும், 100 வந்ததும் மனம் திறந்து பேசித் திருந்திவிடுவார். ஆடுபவர் பாத்திரத்தை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்கத் தொடங்குவார். பாசம், நம்பிக்கை என்று இரண்டு கணக்கு வைத்துப் பாருங்கள். நாச்சிக்கு உங்கள்மேல் பாசம் ஏற ஏற உங்களிடம் பொய்யும் கூடும், ஏனென்றால் கலங்காமல் காக்க வேண்டியவர் பட்டியலில் இப்போது நீங்களும் உண்டு. நம்பிக்கை ஏறினால்தான் சாவி கைமாறும்.

ஆடுபவரின் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக் குறையைக் காட்டுவது இன்னொரு பொறி. கோழை என்று எழுதியதால் சண்டை நடுவே பாத்திரம் தானாக ஓடினால் எரிச்சல் எழுத்தாளர்மேல்தான் வரும். மேசையில் ஆடும் ஃபேட் விதிமுறை இதை நன்றாகத் தீர்க்கிறது: உன் குறையால் இப்போது சிக்கல் வரட்டுமா என்று ஆட்டத்தை நடத்துபவர் கேட்பார். ஒத்துக்கொண்டால் ஒரு ஃபேட் புள்ளி கிடைக்கும், மறுத்தால் ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். கணினி கேமிலும் இதைச் செய்யலாம்: ஓடினால் உயிர் மிச்சம், நின்றால் கூடுதலாக அடி விழும். தேர்வு ஆடுபவர் கையில்.

எழுதியதை ட்வைன், இங்க் போன்ற கிளைக்கதைக் கருவி ஒன்றில் கோத்து, கதை தெரியாத ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். நாச்சி நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். நாளைக்கு இன்னொரு கெட்ட செய்தி வந்தால் நாச்சி என்ன செய்வார் என்று கேளுங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதில் சொல்லி, அது நியாயமா என்று தங்களுக்குள் சண்டை போட்டால் தொட வேண்டாம். பதிலே வராவிட்டால் தடயங்களைக் கூட்டுங்கள், வசனத்தைக் கூட்டாதீர்கள்.