கிளிக் மட்டுமே உள்ள விளையாட்டில் திறமைக்கு என்ன வேலை? ஜாட்டை வெல்லப் படிப்படியாக ஒரு வழி

‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே சிலர் சொல்வார்கள்: "மரத்தைக் கிளிக் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கணும். இதுல என்ன திறமை? நேரம் இருக்கிறவன் ஜெயிப்பான்." பாதி சரிதான். மரம் வெட்டுவதிலும் மீன் பிடிப்பதிலும் 99-வது லெவல் வரை போகப் பொறுமை இருந்தால் போதும். 2007 ஆகஸ்ட் மாத பேக்கப்பிலிருந்து எடுத்து 2013 பிப்ரவரியில் ஜாகெக்ஸ் நிறுவனம் மறுபடி வெளியிட்ட விளையாட்டு இது. குறி பார்த்துச் சுடுவது, காம்போ போடுவது எதுவும் கிடையாது. கிளிக் செய்தால் உங்கள் ஆள் போய் அடிப்பான், அவ்வளவுதான்.

மீதிப் பாதி ஏன் தவறு என்பதற்கு ஜாட் ஒன்றே போதும். கரம்ஜா தீவின் எரிமலைக்குள் இருக்கும் ஃபைட் கேவ் குகையில் 63 அலைகள் உண்டு, அதாவது மிருகங்கள் 63 சுற்றுகளாக வரும். கடைசி அலையில் தனியாக வருவது ஜாட் என்ற ராட்சத மிருகம். அதன் ஒரு அடி 97 வரை இறங்கும். இந்த விளையாட்டில் ஹிட்பாயின்ட்ஸ், அதாவது உயிர்ப் புள்ளிகளின் லெவல் உச்சமே 99. முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் 70, 75-ல்தான் போவார்கள், ஒரு அடி முழுதாக விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனை மாதம் உட்கார்ந்து லெவல் ஏற்றினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சரியான நேரத்தில் சரியான பிரேயரை (ஒரு வகைத் தாக்குதலைத் தடுக்கும் பாதுகாப்பு சக்தியை) அழுத்தினால் மட்டும் அடி முழுதாகத் தடுக்கப்படும். லெவல் எல்லாம் கையில் இருந்தும், ஜாட்டை வென்றால் பரிசாகக் கிடைக்கும் ஃபயர் கேப் என்ற மேலங்கிக்காகக் காசு கொடுத்து வேறொருவரை விளையாடச் சொல்கிறவர்கள் உண்டு. அது விதிமீறல். அதோடு, தானே கற்றுக்கொண்டு ஜெயிக்கும் மகிழ்ச்சியையும் சேர்த்து விற்றுவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்தான் இது.

படி 1: டிக் என்றால் என்ன என்று பாருங்கள்

இந்த விளையாட்டின் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகரும். அந்த 0.6 நொடிதான் ஒரு டிக். இடையில் நீங்கள் செய்யும் கிளிக் எல்லாம் சேர்ந்து அடுத்த டிக்கில்தான் நடக்கும். ஆகவே படபடவென்று பத்து முறை அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. ஜாட் 8 டிக்குக்கு ஒருமுறை அடிக்கும், அதாவது 4.8 நொடி. யோசித்துப் பார்த்தால் இது தாராளமான நேரம். நம் ஊரிலிருந்து தொலைவில் உள்ள சர்வரில் விளையாடும்போது பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 200 மில்லிநொடி காட்டினாலும் பெரிய பாதகம் இல்லை. ஒரு டிக்குக்குள்தான் அடங்குகிறது. ஆனால் பிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

படி 2: தேவையானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மெம்பர்ஷிப், அதாவது கட்டணச் சந்தா வேண்டும். பிரேயர் லெவல் 43 கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக்கைத் தடுப்பது 37-லும், அம்பைத் தடுப்பது 40-லும், கைகலப்பைத் தடுப்பது 43-லும் கிடைக்கும். தூரத்திலிருந்து சுடும் திறனான ரேஞ்ச்ட் 75 இருந்தால் நிம்மதி. ரூன் கிராஸ்போவும் கறுப்பு டிராகன் தோல் உடுப்பும் போதும், விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம்.

பொருள்களை வைத்துக்கொள்ளும் பையான இன்வென்டரியில் 28 இடம்தான். இங்கேதான் முதல் யோசனை வேலை செய்கிறது. தடுப்புப் பிரேயர் ஒன்று சுமார் 3 நொடிக்கு ஒரு புள்ளியைத் தின்னும். 43 புள்ளி என்றால் இரண்டு நிமிடம் தாங்கும். குகை முழுக்க முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரேயர் போஷன் என்ற மருந்தின் ஒரு மடக்கு 43 லெவலில் 17 புள்ளி திருப்பித் தரும். கணக்குப் போட்டால் எல்லா நேரமும் பிரேயரை எரியவிட்டால் பையின் பெரும்பகுதி போஷனுக்கே போய்விடும் என்பது தெரிந்துவிடும். பிரேயர் இல்லாமல் எங்கெங்கே சமாளிக்கலாம் என்று தெரிந்தவர்தான் போஷன் மிச்சத்தோடு ஜாட்டிடம் போய்ச் சேர்வார். என் கருத்தில் புதியவர்கள் உயிரை ஏற்றும் சாப்பாட்டைக் குறைத்து போஷனைக் கூட்டுவது நல்லது.

படி 3: வீட்டில் பழகுங்கள்

செட்டிங்ஸில் பிரேயர் பட்டியலுக்கு ஒரு எஃப் கீயும் (கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள F1, F2 போன்றவை) இன்வென்டரிக்கு ஒரு எஃப் கீயும் வையுங்கள். மேஜிக் தடுப்பும் அம்பு தடுப்பும் பிரேயர் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மவுஸை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தி ஒரே ஒரு கிளிக். ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக அணைந்துவிடும், தனியாக அணைக்கத் தேவையில்லை. கண் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே கை போகும் வரை பழகுங்கள்.

படி 4: அலைகள்

நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்தப் படியைப் பற்றித்தான். புதியவர்கள் ஜாட்டையே நினைத்துப் பயப்படுவார்கள். ஆனால் பலர் அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே திரும்பி வருகிறார்கள்.

குகைக்குள் இருக்கும் பாறைகளில் ஒன்றை எல்லோரும் ‘இத்தாலிப் பாறை’ என்பார்கள், வரைபடத்தில் இத்தாலி நாடு போலவே இருக்கும். அதன் பின்னால் நில்லுங்கள். இங்குள்ள மிருகங்களுக்கு வழி தேடும் அறிவு கிடையாது. உங்களை நோக்கி நேராக வரும். நடுவில் பாறை குறுக்கிட்டால் சுற்றி வராமல் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு கட்டம் நகர்ந்தால் மாட்டியிருந்தது விடுபட்டு வந்துவிடும். அந்த ஒரு கட்டம் எங்கே என்பதுதான் நீங்கள் கற்க வேண்டியது.

வரிசை இப்படி: முதல் அலையிலிருந்தே வரும் சின்ன வௌவால் போன்ற ட்ஸ்-கீ அடிக்கும்போது பிரேயரையும் உறிஞ்சும், அதை எப்போதும் முதலில் கொல்லுங்கள். 7-வது அலையில் முள் எறியும் டோக்-ஸில். 15-ல் கைகலப்புக்கு வரும் பெரிய மிருகம். இதைப் பாறைக்குப் பின்னால் மாட்டவைத்துவிட்டு நிதானமாகச் சுடலாம், பிரேயரே வேண்டாம். 31-ல் மேஜிக் வீசும் கெட்-ஸெக். இது உங்கள் கண்ணில் பட்டால் மேஜிக் தடுப்பு எரிந்தே ஆக வேண்டும். டோக்-ஸிலும் கெட்-ஸெக்கும் ஒன்றாக வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்வையில் வைக்காதீர்கள். பாறையை நடுவில் விட்டு, ஒன்று மட்டும் தெரியும்படி நகருங்கள். அதற்கான பிரேயரைப் போட்டு, அதை முடித்துவிட்டு அடுத்ததுக்கு வாருங்கள்.

களைப்பாக இருந்தால் லாக்அவுட்டை அழுத்திவிட்டு அந்த அலையை முடியுங்கள், விளையாட்டு உங்களை வெளியே விடும். பிறகு வந்து தொடரலாம்.

படி 5: ஜாட்

தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் போனால் முன்னறிவிப்பு இல்லாமல் கையால் அடிக்கும். தூரத்தில் நின்றால் அதற்கு இரண்டே தாக்குதல். பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் மேஜிக். முன்னங்கால்களை ஓங்கித் தரையில் மிதித்தால் அம்பு வகை, அதாவது மேலிருந்து பாறை விழும். அசைவு தொடங்கியதும் அடி விழுந்துவிடாது, கொஞ்சம் தாமதம் உண்டு. அந்த இடைவெளியில் பிரேயரை மாற்ற வேண்டும்.

இரண்டு முறை மேஜிக் வந்ததால் அடுத்தது மிதியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்காதீர்கள், வரிசை எதுவும் கிடையாது. முதல் சில அடிகளுக்குத் திருப்பிச் சுடவே வேண்டாம். பார், மாற்று, பார், மாற்று. தாளம் கைக்கு வந்த பிறகு, பிரேயரை மாற்றியதும் ஜாட்டை ஒரு கிளிக், அப்புறம் மறுபடி கால்களைப் பாருங்கள். போஷன் குடிப்பதும் ஒரு அடியைத் தடுத்த உடனேதான்.

படி 6: ஹீலர்கள்

ஜாட்டின் 250 ஹிட்பாயின்ட்ஸ் பாதியாகும்போது நான்கு ஹீலர்கள் வந்து அதைக் குணப்படுத்தத் தொடங்கும். இங்கேதான் நிறைய பேர் பதறிப்போய் ஜாட்டை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஹீலரையும் ஒரு முறை சுட்டால் போதும், அது ஜாட்டை விட்டு உங்களிடம் வந்துவிடும். ஒரு ஜாட் தாக்குதலைத் தடுத்த பிறகு ஒரு ஹீலர், அடுத்ததைத் தடுத்த பிறகு இன்னொரு ஹீலர். நான்கையும் ஒரே மூச்சில் இழுக்க முயல வேண்டாம். அவை கையால் அடிப்பது சிறிய அடி, சாப்பிட்டுச் சமாளிக்கலாம். அதற்குப் பயந்து கைகலப்புத் தடுப்பைப் போட்டால் ஜாட்டின் 97 உங்கள் தலையில் விழும்.

இந்தக் குகையில் செத்தால் பொருள் எதுவும் போகாது, செலவான போஷனும் நேரமும்தான் நஷ்டம். எந்த அடியில் செத்தீர்கள், அப்போது எந்தப் பிரேயர் எரிந்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அடுத்த முறை போங்கள்.

கேப் கையில் வந்த பிறகும் இந்தப் பழக்கம் வீணாகாது. 2017-ல் வந்த, இதைவிடக் கடினமான இன்ஃபெர்னோ என்ற சவாலுக்குள் நுழைய ஒரு ஃபயர் கேப்பைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். அங்கே 68-வது அலையில் மூன்று ஜாட்கள் ஒன்றாக வரும். அதே கால் அசைவுகள், அதே இரண்டு பிரேயர்கள், ஆனால் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.