வேலூரு பக்கம் ஊருக்கு வர்றீங்களா? மூட்டைப்பூச்சிக்கு வெயிலும் வெந்நியும் போதும்

ஊருக்கு டிக்கெட் போட்டதும் கொசுவத்தி, ஓடோமாஸ், பசங்களுக்கு பேதி நிக்கற மாத்திரைன்னு லிஸ்ட் எழுதறோம், மூட்டைப்பூச்சிய யாரும் எழுதறதில்ல. ரெண்டு ராத்திரி படுத்து எழுந்து கைல, கழுத்துல வரிசையா தடிப்பு வந்தப்புறம்தான் ஞாபகமே வருது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர்னு பழைய வடாற்காடு பக்கம் வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்குத்தான் இது, மருந்து அடிக்காம இன்னா பண்ணலாம்னு.

மொதல்ல பயத்த எறக்கி வைங்க. இது கடிச்சு நோய் பரவுனதா இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, அரிப்பும் தூக்கம் கெடறதும்தான் தொல்லை. பசங்க சொறிஞ்சு புண்ணாக்காம நகத்த வெட்டி விடுங்க, குளுந்த தண்ணி துணிய ஒத்துங்க, கேலமைன் தடவுங்க, போதும்.

பூட்டிக் கெடந்த வீடு, ஆளே இல்ல, பூச்சி செத்துருக்கும்னு நெனச்சு நேரா மெத்தைய விரிச்சு படுக்கறவங்க நெறைய பேரு. அது ரத்தமே இல்லாம மாசக்கணக்குல தாங்கும். அதனால செல்போன் டார்ச்ச போட்டு மெத்தை ஓரத் தையல், கட்டில் மூட்டு, ஆணி ஓட்டை, தலமாட்டுப் பலகைக்கு பின்னாடி, ஸ்கிரீன் மடிப்பு எல்லாம் பாருங்க. பேனா மை சொட்டுன மாதிரி கறுப்புப் புள்ளி, உரிஞ்ச தோலு, வெள்ளையா பொடி முட்டை இருந்தா முடிஞ்சுது கதை. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி சுத்துவட்டாரத்துல லாட்ஜ் எடுக்கறவங்க இத கண்டிப்பா பண்ணுங்க. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குன்னு எங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்குல தங்கற குடும்பங்க மாத்தி மாத்தி படுக்கற கட்டிலு, அவங்கள குத்தம் சொல்லல, ஆளு மாற மாற பூச்சியும் மூட்டை முடிச்சோட ஏறி எறங்கும், அவ்ளோதான். பாத்து முடிக்கற வரைக்கும் பெட்டிய பாத்ரூம் டைல்ஸ் மேல வைங்க, கட்டில் மேல வைக்காதீங்க.

வேப்பிலைய பாய்க்கு அடில போடு, நொச்சி பொகை போடு, வசம்ப தட்டி வை, சூடத்த தலகாணிக்குள்ள வைன்னு ஆளுக்கு ஒன்னு சொல்வாங்க. வாசனைக்கு கொஞ்சம் ஒதுங்கும், சாகாது. ஒதுங்குனா எங்க போவும், பக்கத்து ரூம்ல ஆயா படுத்துருக்கற கட்டிலுக்குத்தான். வேப்பெண்ணெய் நேரா மேல பட்டா கொஞ்சம் வேலை செய்யும், ஆனா சந்துக்குள்ள இருக்கற முட்டைய நம்பி விட முடியாது, நாத்தம் வேற ஒரு வாரம் போவாது.

உண்மையா கொல்றது சூடுதான். 50 டிகிரி சூடு நல்லா உள்ள எறங்குனா பூச்சி, குஞ்சு, முட்டை எதுவும் மிஞ்சாது. 45 டிகிரி கிட்ட நிறுத்துனா நேரம் ரொம்ப புடிக்கும், பாதி தப்பிச்சுடும். இங்கதான் நம்ம வேலூரு வெயில் ஒதவுது, ஆனா சும்மா கொடில காயப் போட்டா பத்தாது, பூச்சி நெழல் பக்கம் நகந்து உள்ள பூந்துக்கும். துணி, போர்வை, தலகாணி உறை எல்லாத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் கவர்ல கொஞ்சம் கொஞ்சமா பரப்பி, வாயக் கட்டி, மொட்டை மாடி சிமென்ட் தரைல காலைல 10 மணிக்கு போட்டு 3 மணி வரைக்கும் விடுங்க, நடுவுல ஒரு தபா திருப்பிப் போடுங்க. ஒரே கவர்ல திணிச்சா நடுவுல சூடே ஏறாது. வெளிநாட்டுல இருந்து வரும்போது சமையலுக்கு வச்சிருக்கற தெர்மாமீட்டர எடுத்துகினு வந்தா உள்ள குத்திப் பாத்துக்கலாம். இதெல்லாம் ஏப்ரல், மே, கத்திரி வெயிலுக்கு. பொங்கலுக்கு வர்றவங்களுக்கு மார்கழி, தை வெயில் வேலைக்கே ஆவாது, வெந்நிதான்.

கயித்துக் கட்டில், மரக்கட்டில் எல்லாம் முத்தத்துக்கு தூக்கினு போய் தரைல நாலு தட்டு தட்டி, கொதிக்கக் கொதிக்க தண்ணிய மூட்டு மூட்டா, ஓட்டை ஓட்டையா ஊத்துங்க. ஆறிப்போன தண்ணி ஊத்தறது அதுக்கு குளிப்பாட்டற மாதிரி. நனைக்க முடியாத சாமானுக்கு ஆவி வர்ற அயர்ன் பாக்ஸ தையல் மேல மெதுவா நகத்துங்க. இலவம்பஞ்சு மெத்தைய தூக்கிப் போட்றாதீங்க, அது வெல அதிகம், பஞ்ச பிரிச்சு வெயில்ல காய வச்சு அடிச்சு, உறைய வெந்நில போட்டு திரும்ப தைக்கச் சொல்லுங்க. ஃபோம் மெத்தைன்னா முழுசா மூடற ஜிப்பு உறை ஒன்னு வாங்கினு வந்து மாட்டி ஒரு வருஷம் தொறக்காதீங்க, உள்ள இருக்கறது பட்டினில போயிடும். சுவத்து விரிசல்ல சுண்ணாம்போ சிமென்ட்டோ பூசிடுங்க. எறும்புக்கு வைக்கற மாதிரி கட்டில் கால் நாலுக்கும் கிண்ணத்துல தண்ணி வச்சு, கட்டில சுவத்துல இருந்து தள்ளிப் போடுங்க, போர்வை தரைய தொடக் கூடாது.

ஒரு தபா பண்ணிட்டு விட்டா பிரயோஜனம் இல்ல. முட்டை ஒன்னு ரெண்டு வாரத்துக்குள்ள பொரிக்கும், அதனால வந்த மொத வாரமே ஆரம்பிச்சு 10 நாள் விட்டு திரும்பப் பண்ணுங்க, கெளம்பறதுக்கு மொத நாள் பண்ணா ஊர்க்காரங்க தலைலதான் விழும்.

அரிசி மூட்டைல வைக்கற வண்டு மாத்திரைய ரூம்ல வச்சு பூட்டு, ஒரே நாள்ல தீரும்னு கடைல சொல்வாங்க. வேணவே வேணாம். அதுல வர்றது விஷ வாயு, பக்கத்து ரூம்ல தூங்குன கொழந்தைங்க உசுரு போயிருக்குது. மண்ணெண்ணெய்யும் வேணாம், மெத்தைல ஊத்திட்டு யாராவது தீக்குச்சி கிழிச்சா வீடே போச்சு.

சொந்தக்காரங்க வீட்ல தங்கும்போது இத எப்படி சொல்றதுன்றதுதான் பூச்சிய விட பெரிய தலவலி. நாலு பேரு முன்னாடி "சித்தி, உங்க வீட்ல மூட்டைப்பூச்சி"ன்னு சொன்னா அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு நின்னுடும். "என் பெட்டிலதான் ஏறி வந்துருக்குமோன்னு சந்தேகமா இருக்குது சித்தி, எல்லாத்தையும் ஒரு தபா வெயில்ல போட்டுடலாமா"ன்னு கேளுங்க. பொய்யுன்னும் சொல்ல முடியாது, வெளிநாட்டுலயும் இது இருக்குது, 2023ல பாரிஸ்ல மூட்டைப்பூச்சின்னு உலகமே பேசுச்சு.

திரும்பும்போது துணிய தெருமுனை இஸ்திரி வண்டில குடுத்து நல்லா சூடா தேச்சு வாங்கி நேரா கவர்ல போட்டு கட்டிடுங்க, தேச்சத கட்டில் மேல அடுக்காதீங்க. அங்க போனதும் பெட்டிய பெட்ரூமுக்குள்ள கொண்டு போகாம துணிய டிரையர்ல அதிக சூட்டுல அரை மணி நேரம் ஓட்டுங்க. பட்டுப்புடவை, செருப்பு, பொம்மை மாதிரி சூடு தாங்காதத கவர்ல கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல 4 நாள் வைங்க. காலிப் பெட்டிய சக்கரம், ஜிப்பு, உள் துணி மடிப்பு வரைக்கும் வேக்கம் போட்டு, அந்தக் குப்பைப் பைய அப்பவே கட்டி வெளில போட்டுடுங்க.