புக்கிட் பிந்தாங்கில் ஓர் இரவு: ஜாலான் அலோருக்கும் சங்காட்டுக்கும் போகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்கு வரும் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோர் பகலில் பத்துமலைக்கும் இரட்டைக் கோபுரத்துக்கும் போய்வந்துவிட்டு, இருட்டிய பின் எங்கே போகலாம் என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் தயங்காமல் சொல்லும் பெயர் புக்கிட் பிந்தாங். அந்த வட்டாரம் பெரியது என்றாலும், இரவில் அங்கே வருகிறவர்கள் தேடுவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு தெருக்களைத்தான். ஒன்று, சாப்பாட்டுக்குப் பேர்போன ஜாலான் அலோர். மற்றொன்று, மதுக்கூடங்களும் இசையும் நிறைந்த சங்காட் புக்கிட் பிந்தாங். இவை வெவ்வேறு நேரத்தில் களைகட்டுகின்றன. முன்னதில் கைக்குழந்தையோடு வருகிற குடும்பத்துக்கும் இடமுண்டு, பின்னதில் இரவு ஏறிய பிறகு பிள்ளைகளுக்கு வேலை இல்லை. எனவே முதலில் அலோர், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் பிறகு சங்காட் என்று இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவாக நான் சொல்வது ஒன்றுதான்: நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள், தட்டில் என்ன வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தத் தெருவில் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை கேட்கக் கூச்சப்பட்டதால் வருபவை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்குகிறார்கள். அங்கிருந்து போவது மிக எளிது. கே.எல். சென்ட்ரல் மோனோரயில் நிலையத்தில் ஏறினால் துன் சம்பந்தன், மகாராஜலேலா, ஹங் துவா, இம்பி ஆகியவற்றைத் தாண்டி அடுத்த நிறுத்தமே புக்கிட் பிந்தாங். எம்.ஆர்.டி. வேண்டுமென்றால் சென்ட்ரலோடு நடைபாதையால் இணைந்த மூசியம் நெகாரா நிலையத்துக்குச் சென்று காஜாங் வழித்தட ரயிலில் ஏறலாம். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். மஸ்ஜித் இந்தியா பக்கம் தங்கியிருப்பவர்கள் மஸ்ஜித் ஜாமெக்கில் எல்.ஆர்.டி. ஏறி, பாசார் செனியில் எம்.ஆர்.டி.க்கு மாறிக்கொள்ளலாம். டச் அண்ட் கோ அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லா ரயிலுக்கும் அதுவே போதும். மாலையில் வாடகைக் காரில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் ஜாலான் புக்கிட் பிந்தாங்கிலும் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலிலும் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும், நடக்கிறவர் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

மோனோரயிலில் இறங்கும் சந்திப்பிலேயே சிறிது நேரம் நின்று பார்க்கலாம். லோட் 10 ஒரு புறமும் சுங்கை வாங் பிளாசா மறுபுறமும் இருக்க, நடைபாதையில் பாடகர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். 1977இல் சுங்கை வாங் திறக்கப்படுவதற்கு முன் அந்த இடத்தில் பி.பி. பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஆட்டமும் பாட்டும் இந்த வட்டாரத்துக்குப் புதிதாக வந்தவை அல்ல. தெருவுக்குள் நுழையும் முன் அங்குள்ள பேரங்காடி ஒன்றில் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். பேரங்காடிகள் இரவு பத்து மணியளவில் மூடிவிடும். அதன் பிறகு முதியவர்களோடும் பிள்ளைகளோடும் வந்தவர்களுக்கு இது பெரிய சிரமமாகிவிடும்.

ஜாலான் அலோர், ஜாலான் புக்கிட் பிந்தாங்கிற்கு இணையாக ஒரு தெரு பின்னால் ஓடுகிறது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் மேசைகளை எடுத்துப் போடத் தொடங்குவார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஆறரையிலிருந்து எட்டு வரையிலான நேரமே நல்லது, ஏனென்றால் எட்டு மணிக்கு மேல், குறிப்பாக வெள்ளி, சனிக்கிழமைகளில், காலியான மேசை கிடைப்பது அரிது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் பல கடைகள் சில நாட்கள் மூடியிருக்கும். மாலையில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது இந்த ஊரின் வழக்கம் என்பதால் குடை கையில் இருக்கட்டும்.

முதல் கடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். தெருவில் நுழைந்ததுமே கையில் படம்போட்ட மெனுவோடு இளைஞர்கள் வழிமறித்துக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சிரித்துத் தலையசைத்துவிட்டு, தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தக் கடையில் என்ன சுடுகிறார்கள், எங்கே உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். கரி அடுப்பின்மேல் வரிசையாகச் சுழலும் கோழி இறக்கைகளுக்குப் பேர்போன வோங் ஆ வா கடை இந்தத் தெருவில்தான் இருக்கிறது. குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே, வாழையிலையில் வைத்துச் சுடும் திருக்கை மீன், தட்டையான அரிசி நூடுல்ஸை வதக்கிய சார் குவே தியாவ் ஆகியவற்றையும் இங்கே சுவைத்துப் பார்க்கலாம்.

இனி, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. இது பெரும்பாலும் சீனர்களின் கடைத்தெரு. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் பல கடைகளில் புழங்கும். ஆகையால் முஸ்லிம் அன்பர்கள் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் அமர வேண்டும். அருகிலேயே ஜாலான் பெராங்கான் பக்கம் அரபு உணவகங்கள் நிறைய உண்டு. மலாய்ச் சாப்பாடு வேண்டுமென்றால் கம்போங் பாருவுக்குப் போகலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். கங்கோங் கீரை என்று மெனுவில் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் அது பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறால் விழுது, போட்டு வதக்கியதாக வரும். வெறும் காய்கறிப் பொரியலிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங், தெலூர்" என்று சொன்னால் மாட்டிறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை என்பது சமையல்காரருக்குப் புரியும். அப்படிச் சொன்ன பிறகும் அதே இரும்புச் சட்டியில்தான் எல்லாமும் வதங்கும் என்பதால், கடுமையான சைவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, இங்கே இளநீருக்கும் பழங்களுக்கும் வேடிக்கைக்கும் வருவதே மனநிம்மதி தரும் என்பது என் கருத்து.

லோக் லோக் வண்டிகளைப் பார்த்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். மீன் உருண்டை, காளான், டோஃபு, காடை முட்டை என்று பலவகைத் துண்டுகள் மூங்கில் குச்சிகளில் குத்தி அடுக்கப்பட்டிருக்கும். வேண்டிய குச்சியை எடுத்துக் கொதிக்கும் நீரில் முக்கி வேகவைத்து, சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். குச்சியின் நுனியில் பூசியிருக்கும் நிறம் அதன் விலையைக் குறிக்கும். எந்த நிறத்துக்கு எவ்வளவு என்ற பலகை வண்டியில் தொங்கும். சாப்பிட்ட குச்சிகளைப் போட்டுவிடாமல் வைத்திருங்கள், கடைசியில் அவற்றை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். எல்லோருடைய குச்சியும் ஒரே பானை நீரில் வேகும் என்பதையும் சைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மீன், நண்டு, இறால் ஆகியவை எடைக்குத்தான் விற்கப்படும். மெனுவில் விலை போடாமல் சந்தை விலை என்று மட்டும் இருந்தால், "சத்து கிலோ பெராப்பா?" (ஒரு கிலோ எவ்வளவு?) என்று கேட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்ததை உங்கள் கண்முன் எடைபோட்டு, மொத்தம் இத்தனை வெள்ளி என்று சொன்ன பிறகே அடுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வோம். கடும் வாடையுள்ள டுரியான் பழத்துக்கும் இதே முறைதான்: தோலோடு சேர்த்து எடை போடுவார்கள், மூசாங் கிங் போன்ற உயர்வகைகளின் விலை சாதாரண வகையைப்போல் பல மடங்கு இருக்கும், எனவே வகையையும் கிலோ விலையையும் உறுதிசெய்துகொண்டு, பழத்தைத் திறந்து சுளையைக் காட்டிய பின் பணம் கொடுங்கள். அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. ரயிலிலும் பெரும்பாலான தங்கும் விடுதிகளிலும் டுரியானுக்கு அனுமதி இல்லை. மேசையில் தாமாகக் கொண்டுவந்து வைக்கும் வேர்க்கடலைத் தட்டுக்கும் ஈரத்துணிப் பொட்டலத்துக்கும் பில்லில் காசு சேரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சிறுகடைகளுக்காக ஐந்து, பத்து வெள்ளித் தாள்கள் கையில் இருக்கட்டும்.

ஜாலான் அலோரின் ஒரு முனை சங்காட் புக்கிட் பிந்தாங்கில் போய் முட்டுகிறது. சற்றே மேடான தெரு. இரு புறமும் பழைய கடைவீடுகள் மதுக்கூடங்களாக மாறி நிற்கின்றன. ஒன்பது மணிக்கு முன் போனால் அமைதியாக உட்கார்ந்து பேசலாம், விலைச்சலுகையும் பல இடங்களில் அந்த நேரம் வரைக்கும்தான். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு தெருவில் வந்து மோதும். ஆட்டம் பாட்டம் விரும்புகிறவர்களுக்கு அதுதான் நேரம். இசையை இசையாகக் கேட்க விரும்புகிறவர்களுக்குப் பக்கத்து ஜாலான் மெசுயியில் நோ பிளாக் டை என்ற ஜாஸ் அரங்கம் இருக்கிறது. அங்கே மேசைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

மலேசியாவில் மதுவுக்கு வரி மிகுதி என்பதால் விலையும் மிகுதி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு சேவை வரியும் தனியே சேரும் என்று பொருள். 40 வெள்ளி என்று போட்டிருப்பது பில்லில் 46 வெள்ளிக்கு மேல் வந்து நிற்கும். மது அருந்துவதற்கான வயது 2017 டிசம்பர் முதல் 21 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. 18 வயதான மகனையோ மகளையோ அழைத்துவருகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். உணவகங்களில், திறந்தவெளி மேசைகள் உட்பட, 2019 முதல் புகைபிடிக்கத் தடை உண்டு. மிக மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத மதுவை எங்கேயும் வாங்கிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் பிழைப்புக்காக இங்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. போதைப்பொருளைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: 1952ஆம் ஆண்டின் ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தின்கீழ், கடத்தலுக்கு இன்றும் மரண தண்டனை விதிக்க முடியும், ஆகவே அறிமுகமில்லாதவர் நீட்டும் எதையும், ஒரு சின்னப் பொட்டலமாக இருந்தாலும், வாங்கிப் பையில் வைக்காதீர்கள்.

தனியாக வரும் ஆண்களை, வாசலில் நிற்கும் பெண்கள் சில இடங்களில் உள்ளே அழைப்பார்கள். உள்ளே போய் அவர்களுக்கு வாங்கிக்கொடுக்கும் பானத்துக்குத் தனி விலை. பில் வரும்போது அதை மறுக்க முடியாது. ஜாலான் புக்கிட் பிந்தாங்கின் கால் பிடித்துவிடும் கடைகளிலும் அழைப்பு பலமாக இருக்கும். விலைப்பலகை வெளியே தெளிவாகத் தொங்கும் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி நாற்காலி போட்டிருக்கும் இடத்தில், எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு என்று பேசி உட்கார்ந்தால் தொல்லை இல்லை; நாள் முழுக்க நடந்த கால்களுக்கு அது மெய்யாகவே இதம்.

கூட்டத்தில் அச்சப்பட ஒன்றுமில்லை என்றாலும், மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துச் செல்கிறவர்கள் இந்த நகரத்தில் உண்டு. தோள்பையைச் சாலைக்கு எதிர்ப்புறமாக, மார்போடு அணைத்துப் போடுங்கள். தாலிக்கொடியும் தடித்த சங்கிலியும் வெளியே தெரிய வேண்டாம். கைப்பேசியில் வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் சாலையோரத்தை விட்டு ஐந்தடிக்குள், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரை வேய்ந்த நடைபாதைக்குள், ஏறி நின்று பாருங்கள். வெளிநாட்டவரிடம் அதிகாரிகள் ஆவணம் கேட்பதுண்டு, எனவே கடவுச்சீட்டு உள்பையில் பத்திரமாக இருக்கட்டும், அதன் படம் கைப்பேசியிலும் இருக்கட்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், தூதரகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும் என்பதால் பதினொன்றரைக்குள் நிலையத்துக்குத் திரும்பிவிடுவது பாதுகாப்பான கணக்கு. அதற்குமேல் தங்குகிறவர்கள் இரவுக் கடைசியில் ஒரு மாமாக் கடைக்குப் போகாமல் திரும்ப வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்தக் கடைகளில் பல விடியவிடியத் திறந்திருக்கும். பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம். "அண்ணே, தே தாரிக் ஒன்னு, குராங் மானிஸ்" என்றால் சர்க்கரை குறைத்த ஆற்றிய தேநீர் வரும், பாலும் வேண்டாமென்றால் தே ஓ கேளுங்கள், சர்க்கரையே கூடாதவர்கள் அதோடு கோசோங் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பருப்புச் சாம்பாரோடு, பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே கிராப் செயலியில் வண்டி பதிவு செய்யலாம். கட்டணம் முன்கூட்டியே திரையில் தெரிந்துவிடும் என்பதால், சங்காட் வாசலில் மீட்டர் போட மறுத்துப் பேரம் பேசும் டாக்சிகளைவிட இதுவே மேல். ஆனால் சங்காட்டின் நடுவிலோ ஜாலான் அலோரின் உள்ளேயோ நின்று வண்டியை அழைக்காதீர்கள், ஓட்டுநரால் கூட்டத்தைத் தாண்டி வர முடியாது. ஜாலான் புக்கிட் பிந்தாங்கிற்கு நடந்து வந்து, பேரங்காடி ஒன்றின் வாசலை ஏறும் இடமாகக் குறித்து, வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள்.