தக்காளியில புது வைரஸா? வீட்டுலயே ஸ்ட்ரிப் வச்சு பாக்கறது எப்படி

பாசார்ல கீரை வாங்கிட்டு இருக்கும்போது ஒரு அக்கா போன்ல போட்டோ காட்டி "தம்பி, இது அந்த புது வைரஸா?"ன்னு கேட்டாங்க. எங்க கேமரன் மலை ரிங்லெட் பக்கம் லயத்து வீட்டுக்கு பின்னாடி பையில வச்ச தக்காளிச் செடி நாலாவது நிக்கும், அதனால இந்த கேள்வி எனக்கு புதுசில்ல. போட்டோ பாத்து இத சொல்லவே முடியாதுங்க.

அவங்க கேட்டது டொமேட்டோ பிரவுன் ருகோஸ் ஃப்ரூட் வைரஸ். 2014ல இஸ்ரேல்ல தலைகாட்டி, 2015ல ஜோர்டான்ல பிளாஸ்டிக் கூடார தக்காளியில இருந்து எடுத்து இது புதுசுதான்னு உறுதி பண்ணாங்க. மொசைக், அதாவது இலையில திட்டு விழ வைக்கற பழைய வைரஸ், அத தாங்கும்னு விதை பாக்கெட்ல போட்டிருக்கற ரகத்தையும் இது விடாது, அந்த ரகத்த அத்தனை வருஷமா காப்பாத்திட்டு இருந்த டிஎம்-2 ஸ்குவேர்ங்கற எதிர்ப்பு ஜீன் இதுகிட்ட எடுபடல. மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது, செடிக்கு மருந்தும் கிடையாது.

முதல்ல கண்ணால பாருங்க, தொடாம. இலையில வெளிர் பச்சை, கரும்பச்சை திட்டுத்திட்டா இருக்கும், சிலதுல இலை ஒல்லியா நீண்டு போயிருக்கும். நான் முதல்ல பாக்கறது காய் தலையில நட்சத்திரம் மாதிரி ஒட்டிட்டு இருக்கே பச்சை இதழ், அதுதான். அது ஓரத்துல இருந்து பழுப்பா கருகுதா, காய் மேல மஞ்சளா இல்ல பழுப்பா சொரசொரன்னு திட்டு இருக்கான்னு பாருங்க. ஆனா பழைய மொசைக் வைரஸும் கிட்டத்தட்ட இப்படித்தான் காட்டும், அதனாலதான் ஸ்ட்ரிப் டெஸ்ட், இலைச் சாறுல முக்கி கோடு வருதான்னு பாக்கற சின்ன பட்டை.

இந்த வைரஸ் கையில, கத்தரியில, சட்டையில ஒட்டிட்டு போறது, அதனால நல்ல செடிங்க வேலைய முடிச்சுட்டு நோயாளி செடிக்கு கடைசியா போங்க. க்ளவுஸ் போடுங்க, ஒவ்வொரு செடிக்கும் மாத்துங்க. சிகரெட் புடிச்ச கையோட போகாதீங்க அண்ணே, புகையிலையில இருக்கற மொசைக் வைரஸும் செடிக்கு ஏறிரும்.

செத்த அடி இலைய எடுக்காதீங்க, மேல இருக்கற இளசு இலை, திட்டு நல்லா தெரியற இடத்துல இருந்து 50 சென் காசு அளவு கிள்ளி ஸ்ட்ரிப்போட வர்ற பைக்குள்ள, அந்த வலைக்கு நடுவுல போடுங்க. பைக்குள்ள ஏற்கனவே தண்ணி மாதிரி பஃபர் இருக்கும். வெளிய இருந்து பேனா முனையால நல்லா தேய்ங்க, பஃபர் பச்சையாகணும், இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. அப்புறம் ஸ்ட்ரிப்ப கோடு போட்ட அளவுக்கு மட்டும் இறக்கி, டப்பாவுல சொன்ன நேரம் வரைக்கும் விட்டுட்டு பசியாறிட்டு வாங்க.

கோவிட் டெஸ்ட் மாதிரியேதான், மேல் கோடு மட்டும் வந்தா நெகட்டிவ், ரெண்டு வந்தா பாசிட்டிவ், மேல் கோடே வரலன்னா அந்த ஸ்ட்ரிப் வீண்.

ரெண்டு கோடு வந்தா உடனே வாட்சாப் குரூப்ல போட்டுறாதீங்க. நான் போட்டேன். லயமே கலங்கிப்போச்சு, ஒருத்தர் நட்டு முப்பது நாள் ஆன நாற்றையெல்லாம் புடுங்கிட்டாரு. கடைசில லேப்ல பாத்தா பழைய மொசைக். ஒரே குடும்பத்து வைரஸ்ங்கறதால ஸ்ட்ரிப் அண்ணன் தம்பிய பிரிச்சு பாக்காது, வைரஸோட மரபணுவ வச்சு லேப்ல பாக்கற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்தான் பிரிக்கும். இன்னைக்கும் அவர் என்னைப் பாத்தா மோட்டார நிறுத்தாம போறாரு.

அதனால அடுத்து ஆர்டி-பிசிஆருக்கு ஏற்பாடு பண்ணுங்க. ஜபாத்தான் பெர்தானியான், அதான் விவசாய இலாகா, ஆபீஸுக்கு போன் பண்ணி, சாம்பிள் எங்க கொண்டு வரணும்னு கேளுங்க. புதுசா நாலஞ்சு இலை கிள்ளி, காஞ்ச டிஷ்யூல சுத்தி, ஜிப் பைல போட்டு, எந்த செடி, என்ன தேதின்னு எழுதி ஐஸ்பெட்டி கீழ்த்தட்டுல வைங்க, உறைய வைக்காதீங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த செடிய புடுங்கி லோங்காங் சாக்கடையில வீசாதீங்க, அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும், பக்கத்துல கோழி, புள்ளைங்க போகாம பாத்துக்குங்க. அதுல இருந்து விதை மட்டும் எடுத்து வைக்காதீங்க, விதைத்தோல்ல ஒட்டிட்டு அடுத்த நடவுக்கும் வந்துரும்.